பூட்டிய கதவு! திறந்த பூங்கா!



புடாபெஸ்ட் நகரத்துப் பூங்காவிலே ஒரு சிலை இருக்கிறது. முகம் காட்டாத சிலை! முக்காடு போட்டுத் தலை கவிழ்ந்து, கையிலே எழுதுகோலோடு அமர்ந்திருக்கும் அந்த வெண்கல மனிதருக்குப் பெயர் கிடையாது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு பேலா என்னும் மன்னனிடம் எழுத்தராக இருந்தவராம். ஹங்கேரி மக்களின் பழங்கதையை எழுதி வைத்தவராம். ஊரார் பெயரையெல்லாம் எழுதியவர் தம் பெயரை மட்டும் எழுதாமல் போய்விட்டார். ஆகவே 'பெயரில்லாதவர்' என்பதே அவருக்குப் பெயராயிற்று. 1903-ல் அவருக்குச் சிலை எடுத்தார்கள்.

அந்தச் சிலையடியிலே, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு கூட்டம் கூடும். எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள். வாலிபர்களும் உண்டு, பெண்களும் உண்டு. விடுமுறை நாளென்றால் நகரத்தைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள், நடந்துகொண்டே பேசுவார்கள். மற்ற நாளிலே இந்தப் பூங்கா!

என்ன பேசினார்கள்? காதலா? கவிதையா? குதிரைப் பந்தயமா? இல்லை. கணக்குப் பேசினார்கள்! ஒருவர் ஒரு கணக்கைப் போடுவார், மற்றவர்கள் மடக்குவார்கள். இன்னொருவர் வழி சொல்வார்; அந்த வழியிலே பள்ளம் இருக்கிறதென்று மூன்றாமவர் காட்டுவார். நாற்காலி இல்லை, ஆகவே தலைவர் இல்லை! கரும்பலகை இல்லை, ஆகவே ஆசிரியர் இல்லை!

பரீட்சைக்காகவா? இல்லை. உத்தியோகத்துக்காகவா? அது தங்களுக்குக் கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரியும்! ஏன் கிடைக்காது? அவர்களிலே பெரும்பாலோர் யூதர்கள்.

1919-ம் ஆண்டு ஹங்கேரியிலே தொழிலாளர் பெயரால் ஓர் ஆட்சி எழுந்தது. 133 நாள் நின்றது, வீழ்ந்தது. பின்னே வந்தவர் ஹோர்த்தி என்னும் கடற்படைத் தளபதி. ஆட்சி கைக்கு வந்ததும், நாட்டுக்கு நேர்ந்த கேடுகள் அத்தனைக்கும் யார் மீதாவது பழி போட வேண்டுமே! போட்டார்கள். 1920-ல் ஒரு சட்டம் பிறந்தது. தோழர்களே, அந்தச் சட்டத்திலே 'யூதர்' என்ற சொல்லே இல்லை! கெட்டிக்காரர்கள். 'நாட்டிலே எந்த இனம் எத்தனை விழுக்காடோ, பல்கலைக் கழகத்திலே அந்த இனத்து மாணவர் அத்தனை விழுக்காடுதான்' என்று எழுதினார்கள். கூடவே, 'நாட்டுப்பற்று உள்ளவரா, ஒழுக்கம் உடையவரா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்' என்று ஒரு வாசகத்தையும் செருகினார்கள். யூதர்கள் மக்கள் தொகையிலே நூற்றுக்கு ஆறு பேர். ஆறுக்கு மேல் வந்தால் கதவைச் சாத்து! சட்டம் இதைத்தான் செய்தது, சொல்லாமல் செய்தது. 1928-ல் திருத்தினார்கள். ஏட்டளவிலே இளகிற்று. பல்கலைக் கழக முற்றத்திலே யூத மாணவனை அடித்து விரட்டும் வழக்கமோ அதற்குப் பிறகும் ஒழியவில்லை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்; கேட்கட்டும். "விகிதாச்சாரம் என்பதைத்தானே நீங்களும் கேட்டீர்கள்? அங்கே கொடுமை, இங்கே நீதியா?" என்று. நல்ல கேள்விதான், மழுப்பத் தேவையில்லை. அங்கே விகிதம் தலைக்கு மேலே போட்ட தளம். இதற்கு மேல் நிமிராதே என்று, ஏற்கெனவே உள்ளே இருந்தவனைக் குனிய வைக்கப் போட்டது. இங்கே விகிதம் காலுக்குக் கீழே போட்ட தளம். நிற்கவே இடமில்லாதவனுக்கு நிற்க இடம் தரப் போட்டது. சொல் ஒன்று, தளம் இரண்டு. எது எங்கே போடப்பட்டது என்று பார்க்காமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவரோடு நேரத்தைச் செலவிட நமக்கு ஆகாது. பூங்காவுக்குப் போவோம்.

இந்த வாலிபர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தார்கள்? அதுதான் சுவையான கதை. சர்க்கார் பல்கலைக் கழகத்தின் கதவைச் சாத்தியது. அஞ்சல் பெட்டியின் வாயைச் சாத்த மறந்துவிட்டது!

இதெல்லாம் நடப்பதற்கு வெகு முன்பே, 1894-ல், ஜியோர் என்ற ஊரிலே தானியேல் அரனி என்றொரு பள்ளி ஆசிரியர் ஓர் ஏடு தொடங்கியிருந்தார். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான கணித ஏடு. இரண்டாண்டில் அது லாஸ்லோ ராட்ஸ் என்ற இன்னோர் ஆசிரியர் கைக்கு வந்தது. உலகப் போர் வந்ததும் நின்றது. 1925-ல் மறுபடி எழுந்தது. எழுந்தபோது பௌதிகத்தையும் சேர்த்துக்கொண்டு எழுந்தது. அடுத்த போரிலே மறுபடியும் நின்று, 1947-ல் மறுபடியும் எழுந்து, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஏடு நடத்தும் தொல்லை நமக்கும் தெரியுமாதலால், இந்த ஒரு செய்திக்காகவே அதற்கு வணக்கம் சொல்லலாம்!

ஏட்டின் வேலை எளிது. மாதந்தோறும் கணக்குகள் அச்சாகும். விடை இராது. எந்த ஊர் மாணவனும், எந்த வகுப்பிலே படிப்பவனும், விடையை எழுதி அஞ்சலிலே சேர்க்கலாம். வெறும் எண்ணை எழுதினால் போதாது. எப்படி வந்தது என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். வந்தவற்றிலே சிறந்த விடை, அதை எழுதிய மாணவனின் பெயரோடு அச்சேறும். சரியான விடை அனுப்பிய மற்றவர்களின் பெயரும் கீழே வரிசையாக வரும். அதிகம் தீர்த்தவர்களின் படமும் வரும்!

எண்ணிப் பாருங்கள். உள்ளூர் வகுப்பிலே கடைசிப் பலகையிலே உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். அவன் பெயர், நாடு முழுதும் செல்லும் ஏட்டிலே, அச்சிலே! அப்பன் யார், அவன் தொழில் என்ன, கோயிலுக்குப் போகிறவனா, தொழுகைக் கூடத்துக்குப் போகிறவனா — அஞ்சற்காரன் கேட்பதில்லை, கணக்கும் கேட்பதில்லை. வழி சரியா, தப்பா? அது ஒன்றே கேள்வி.

பால் எர்டோஷ் என்ற சிறுவனின் பெயர் அந்த ஏட்டிலே வந்தது. பால் டூரான் என்ற சிறுவனின் பெயரும் வந்தது. நேரிலே சந்திக்குமுன்பே இவன் பெயர் அவனுக்குத் தெரியும். அவன் பெயர் இவனுக்குத் தெரியும். எஸ்தர் கிளைன் என்ற பெண்ணும் அந்த ஏட்டின் கணக்குகளைத் தீர்த்து வளர்ந்தவர். ஏட்டிலே அடுத்தடுத்த வரியிலே நின்ற பெயர்கள், பிறகு பூங்காவிலே அடுத்தடுத்த இருக்கையிலே அமர்ந்தன!

யார் யார் வந்தார்கள்? எர்டோஷ் — பெற்றோர் இருவருமே கணித ஆசிரியர்கள். நாடு தழுவிய தேர்விலே வென்ற காரணத்தால், அத்தனை தடையையும் மீறி 1930-ல் பல்கலைக் கழகத்திலே இடம் பெற்றவர். டூரான். டிபோர் கல்லாய். எஸ்தர் கிளைன் — பௌதிக மாணவி. மார்த்தா என்ற இன்னொரு பெண். பிறகு ஜார்ஜ் செக்கரெஷ். இவர் கணித மாணவரே அல்ல! குடும்பத் தொழில் தோல். ஆகவே ரசாயனப் பொறியியல் படிக்க வைத்தார்கள். பிறகு தோல் ஆலையிலேதான் வேலை. பகலெல்லாம் தோலும் சுண்ணாம்பும்; மாலையிலே வட்டமும் கோணமும்! பட்டம் வாங்கிய கணிதக்காரர்களுக்கு நடுவே இந்தத் தோல் ஆலைக்காரர் அமர்ந்தார். 'உனக்கென்ன தெரியும்?' என்று எவரும் கேட்கவில்லை.

1932-33 பனிக்காலம். ஜெர்மனியிலே இட்லர் அரியணைக்கு அடிவைத்த காலம். அங்கே சிறிது காலம் படித்துத் திரும்பியிருந்த எஸ்தர், குழுவின் முன்னே ஒரு கணக்கை வைத்தார். அதை இங்கே சொல்லத்தான் போகிறேன். பயப்பட வேண்டாம், நான் பள்ளியிறுதியோடு படிப்பை முடித்தவன். எனக்கே புரிந்தது என்றால் எவருக்கும் புரியும்.

ஒரு பலகையிலே ஐந்து ஆணி அடியுங்கள். எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள். மூன்று ஆணி ஒரே நேர்க்கோட்டிலே வரக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எப்படி அடித்தாலும் சரி, அந்த ஐந்திலே ஏதோ ஒரு நான்கு, ஒழுங்கான நாலு மூலை மனையாக அமைந்தே தீரும் என்றார் எஸ்தர். ஒழுங்கான மனை என்றால், நான்கு மூலையும் வெளியே முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மூலை உள்ளே மடங்கிவிடக் கூடாது.

நம்பவில்லை நான். நமது அலுவலகத்திலே ஒரு பழைய பலகையை எடுத்து ஆணி அடித்துப் பார்த்தேன். பக்கம் கட்டும் தோழரும் சேர்ந்துகொண்டார். அரைமணி நேரம் மாற்றி மாற்றி அடித்தோம். எஸ்தரைத் தோற்கடிக்க முடியவில்லை, மேசைதான் பழுதாயிற்று.

ஏன் தோற்கடிக்க முடியாது? ஐந்து ஆணியையும் உள்ளே அடக்கி, வெளிப்புறமாக ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் ஐந்து ஆணியையும் தொட்டால், எந்த நான்கை எடுத்தாலும் மனை சரி. நான்கைத் தொட்டால், அந்த நான்கே விடை. மூன்றை மட்டும் தொட்டால்? இரண்டு ஆணி உள்ளே சிறைப்பட்டிருக்கும். சிறைப்பட்ட இரண்டின் வழியாக ஒரு கோடு கிழியுங்கள்; பலகை இரண்டு பாதியாகும். வெளியே நிற்கும் மூன்று ஆணியிலே இரண்டு, ஒரே பாதியிலேதான் நின்றாக வேண்டும். மூன்று பேர் இரண்டு அறையிலே படுத்தால், ஓர் அறையிலே இருவராவது படுத்தே தீர வேண்டும் அல்லவா? அதே நியாயம்! அந்த இரண்டையும், சிறைப்பட்ட இரண்டையும் சேருங்கள். மனை தயார்!

எஸ்தர் இதோடு விடவில்லை. "நாலு மூலைக்கு ஐந்து புள்ளி போதும். ஐந்து மூலைக்கு எத்தனை? ஆறு மூலைக்கு? எத்தனை மூலை கேட்டாலும், அதற்குப் போதுமான புள்ளி எண்ணிக்கை ஒன்று உண்டா?" என்று கேட்டார்.

கேட்டதும், தோல் ஆலைக்காரர் துடித்தார். சில வாரங்கள் அதே நினைவு. "உண்டு!" என்ற விடையோடு வந்தார் செக்கரெஷ். கணக்கின் மீது கொண்ட ஆசையா, கணக்கைப் போட்டவர் மீது கொண்ட ஆசையா? இரண்டும்தான்! கேட்டவர் எஸ்தர் என்பதாலேயே மற்றவரை முந்த வேண்டும் என்ற வேகம் வந்தது என்று பின்னாளிலே அவரே ஒளிக்காமல் சொன்னார். எர்டோஷ் இன்னொரு வழி கண்டார். இரண்டும் சேர்ந்து 1935-ல் அச்சாயின. 1937-ல் ஜார்ஜும் எஸ்தரும் மணந்தனர். எர்டோஷ் அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் வைத்தார்: 'மங்கள முடிவுக் கணக்கு'!

மங்களமாகத்தான் முடிந்ததா?

1938-லிருந்து சட்டத்தின்மேல் சட்டம். இப்போது 'யூதர்' என்ற சொல்லை மறைக்கக்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எர்டோஷ் 1934-லேயே இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய்விட்டார். செக்கரெஷ் இணையர் 1939-ல் ஷாங்காய்க்குக் கப்பல் ஏறினர். ஏன் ஷாங்காய்? நுழைவுச் சீட்டு கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஊர் அந்நாளிலே அது ஒன்றுதான் என்று சொல்லலாம். சீனத்திலும் தோல் வேலைதான் சோறு போட்டது. அங்கே அவர்களுக்கு மகன் பிறந்தான். ஜப்பானிய ஆதிக்கமும் போரும் பஞ்சமும் பார்த்தார்கள்.

டூரான் ஊரிலே தங்கினார். முனைவர் பட்டம் பெற்றவர், உத்தியோகமோ கிடைக்கவில்லை. வீடு வீடாகப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். 1940-ல் கட்டாய உழைப்பு முகாமுக்கு இழுத்துச் சென்றார்கள். டிரான்சில்வேனியா மலைப்பகுதியிலே ரயில் பாதை போடும் வேலை. தண்டவாளத்துக்கு அடியிலே போடும் கட்டைகளைச் சுமக்க வேண்டும். எழுதுகோல் பிடித்த கை!

ஒருநாள் உடன் உழைத்தவர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அருகிலே மேற்பார்வை பார்த்து நின்ற அதிகாரி காதிலே விழுந்தது. "அந்தக் கணிதக்காரரா இவர்?" என்று கேட்டார். யார் அந்த அதிகாரி? பொறியாளர்; இளமையிலே கணிதப் போட்டியிலே பரிசு வாங்கியவர்; போருக்கு முன்பு, கணித ஏடு அச்சாகும் அச்சகத்திலே பிழை திருத்துகிறவராக வேலை பார்த்தவர்! டூரானின் கையெழுத்துப் படிகள் அவர் மேசை வழியாகப் போயிருக்கின்றன. பிழை திருத்துகிறவரை எவர் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? அவர் நினைவு வைத்துக்கொண்டிருந்தார். விடுதலை செய்ய அவரால் முடியாது. முடிந்ததைச் செய்தார்: மரக் கிடங்கிலே, வருகிறவர்களுக்கு 'இந்தக் கனத்துக் கட்டை இங்கே, அந்தக் கனத்துக் கட்டை அங்கே' என்று கைகாட்டும் வேலைக்கு மாற்றினார். முதுகு பிழைத்தது. காகிதம் இல்லை, எழுத வழி இல்லை. ஆனால் தலை காலியாக இருந்தது. அந்தக் கிடங்கிலே நடந்துகொண்டே டூரான் கண்ட ஒரு தேற்றம் இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நான்கு ஆண்டு கழித்து, 1944 ஜூலை. நாட்டுப்புறத்து யூதர்கள் ரயில் ரயிலாகக் கொலைக்களத்துக்கு ஏற்றப்பட்டுவிட்டார்கள். புடாபெஸ்ட் யூதர்களின் முறை எப்போது என்பதுதான் கேள்வி. டூரான் அப்போது நகரத்தை அடுத்த ஒரு செங்கல் ஆலையிலே உழைத்தார். செங்கல் சூளையிலே வேலை பார்த்த தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல சூளைகள், பல அடுக்குக் களங்கள். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு களத்துக்கும் தண்டவாளம். சூளையிலே செங்கல்லைத் தள்ளுவண்டியிலே ஏற்று, தள்ளு, களத்திலே இறக்கு. வேலை அவ்வளவு கடினமில்லை. தொல்லை எங்கே? தண்டவாளமும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்திலே! அங்கே வந்ததும் வண்டி தடம் புரளும், செங்கல் சிதறும், பொறுக்கி அடுக்க வேண்டும், நேரம் போகும். அந்நாளிலே நேரம் அவர்களுக்கு எவ்வளவு அருமை என்று பின்னாளிலே எழுதிய டூரான், ஏன் அருமை என்பதை மட்டும் விளக்காமல் விட்டுவிட்டார்.

எல்லோரும் வியர்த்துக் கொட்டித் திட்டினார்கள். டூரானும் திட்டினார். திட்டிக்கொண்டே யோசித்தார்: 'இத்தனை சூளை, இத்தனை களம். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்தாக வேண்டும். தண்டவாளத்தை எப்படிப் போட்டால் குறுக்கீடு மிகக் குறைவாக இருக்கும்?'

இரண்டே சூளை என்றால், களம் எத்தனை இருந்தாலும் குறுக்கீடே இல்லாமல் போடலாம். மூன்று சூளை, மூன்று களம்: ஒரு குறுக்கீட்டைத் தவிர்க்கவே முடியாது. நான்குக்கு நான்கு: நான்கு. ஐந்துக்கு ஐந்து: பதினாறு. போர் முடிந்த பின்பு டூரான் போலந்துக்குப் போனபோது இதைச் சொன்னார். சரன்கிவிச் என்ற அறிஞர் ஒரு வாய்ப்பாடு கண்டார். அதற்குக் கீழே குறையவே குறையாது என்று நிறுவிவிட்டதாகவும் 1950-களில் எழுதினார். வெகு காலம் கழித்து, அந்த நிறுவலிலே ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் ஆறு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வாய்ப்பாடு சரியென்று 1970-ல் நிறுவப்பட்டது. எத்தனை சூளைக்கும் எத்தனை களத்துக்கும் பொருந்தும் நிறுவல் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை உலகம் 'செங்கல் ஆலைக் கணக்கு' என்றே அழைக்கிறது. வேலை வாங்கிய ஆலைக்காரன் பெயர் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை!

டூரான் பிழைத்தார். பூங்காக் கூட்டத்திலே சிலர் பிழைக்கவில்லை. 'பெயரில்லாதவர்' சிலையைச் சுற்றி அமர்ந்தவர்களிலே, பெயர் சொல்லும் வயது வருமுன்பே போனவர்கள் அவர்கள்.

பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? 1948-ல் செக்கரெஷ் குடும்பம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு வந்தது. முப்பத்தேழு வயதிலே, தோல் ஆலைக்காரர் முதன்முதலாகக் கணித விரிவுரையாளர் ஆனார்! குடியிருக்க ஒரு சிறு வீடு. அதிலே இரண்டு குடும்பம். இன்னொரு குடும்பம் யாருடையது? பூங்காவிலே கூடிய அதே மார்த்தாவின் குடும்பம்! மூன்று ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

எர்டோஷுக்கோ கூரையே இல்லை. வீடு வாங்கவில்லை, மணம் செய்யவில்லை. ஒரு பெட்டியோடு நாடு நாடாகத் திரிந்தார். போன ஊரிலெல்லாம் கணக்குப் பேச ஆள் தேடினார். ஏறத்தாழ 1,500 ஆய்வுக் கட்டுரைகள். கூட்டாக எழுதியவர்கள் 500 பேர் அளவிலே. பூங்காவைக் கையோடு எடுத்துச் சென்றவர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும். நமது சென்னைக்கும் வந்தார். 1975-ல் வந்த கதை இது: அல்லாடி கிருஷ்ணசாமி என்ற கல்லூரி மாணவர், தாம் கண்ட சில முடிவுகளை அவருக்கு எழுதி அனுப்பியிருந்தார். கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போகவேண்டிய பெரியவர், அந்த மாணவரைப் பார்ப்பதற்காகவே பயணத்தைச் சென்னை வழியாக மாற்றிக்கொண்டார்! வந்து இறங்கியதும் என்ன சொன்னார் தெரியுமா? சென்னையின் சாதிப் படிக்கட்டைக் கிண்டல் செய்யும் ஒரு நாலு வரிப் பாட்டைச் சொன்னாராம். ஹங்கேரியிலே பிறந்தவருக்கு நம் ஊர் வாடை அவ்வளவு தூரம் தெரிந்திருக்கிறது! பிறகு கணக்குப் பேசினார்கள். சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். அந்த மாணவர் பின்னாளிலே அமெரிக்காவிலே பேராசிரியரானார். எர்டோஷ் 1996-ல் வார்சாவிலே, ஒரு கணித மாநாட்டுக்குப் போன இடத்திலே இறந்தார்.

எஸ்தர்? ஐந்து ஆணிக் கணக்கைப் போட்ட அந்தப் பெண்மணி, சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1984-லிருந்து, மக்குவாரி பல்கலைக் கழகத்திலே பள்ளி மாணவர்களுக்காக வாராந்தரக் கணக்குக் கூட்டம் நடத்த உதவினார். எழுபது வயதைக் கடந்த பிறகு! பிள்ளைகள் வருவார்கள், கணக்கை நடுவிலே வைப்பார்கள், சண்டை போடுவார்கள். தேர்வு உண்டா? மதிப்பெண் உண்டா? கிடையாது. புடாபெஸ்ட் பூங்காவிலே இருந்ததா, இங்கே இருப்பதற்கு! அந்தக் கூட்டம் பெருகிப் பல குழுக்களாயிற்று. 1990-ல் அதே பல்கலைக் கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது.

2005 ஆகஸ்டு 28. ஜார்ஜுக்கு 94 வயது, எஸ்தருக்கு 95. ஒரே நாளிலே, ஒரு மணி நேர இடைவெளிக்குள், இருவரும் கண்மூடினர்.

கணக்கு கண்மூடவில்லை. நாலு மூலைக்கு ஐந்து புள்ளி என்றார் எஸ்தர். ஐந்து மூலைக்கு ஒன்பது என்று அந்நாளிலேயே மக்காய் என்பவர் காட்டினார். ஆறு மூலைக்குப் பதினேழு என்பதை, கணிப்பொறியின் துணையோடு செக்கரெஷும் லிண்ட்சே பீட்டர்ஸ் என்பவரும் நிறுவினார்கள். 2006-ல் அது அச்சேறியபோது செக்கரெஷ் இல்லை. 5, 9, 17 — முந்திய எண்ணை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் அடுத்த எண். அப்படிப் பார்த்தால் ஏழு மூலைக்கு 33 வர வேண்டும். 1935-லேயே எர்டோஷும் செக்கரெஷும் ஊகித்த வரிசை அது. 2016-ல் ஆண்ட்ரூ சூக் என்பவர், மூலை பெருகப் பெருக அந்த ஊகம் ஏறத்தாழச் சரியாகவே இருக்கும் என்று காட்டினார். ஏறத்தாழத்தான்! ஏழு மூலைக்கு 33 புள்ளி போதுமா, போதாதா என்று எவரும் இன்னும் முடிவாக நிறுவவில்லை.